நிறம் சேர்ப்பவரின் உழைப்பு

கணினி விளையாட்டுகளுக்கு ரசிகர்களே ஆக்கித் தரும் கூடுதல் பொருள்களுள் மிக எளியதாகக் கருதப்படுவது நிறமாற்றம். வீடு கட்டி அறைகளை அலங்கரிப்பதையே பெரும் இன்பமாகக் கொண்ட ‘தி சிம்ஸ்’ விளையாட்டில், ஒருவர் முப்பரிமாணத்தில் ஒரு நாற்காலியை வடிவமைத்து வெளியிடுகிறார். வேறொருவர் அதற்குப் பத்து நிறங்களைச் சேர்க்கிறார். முன்னவர் படைப்பாளி, பின்னவர் வண்ணம் பூசுபவர் என்பது பொதுவான மதிப்பீடு. அம்மதிப்பீடு மறு ஆய்வுக்குரியது.

2009இல் வெளிவந்த ‘தி சிம்ஸ் 3’ இவ்வுழைப்பின் தேவையைப் பெரிதும் குறைத்தது. அதில் ஒரு பொருளின் பரப்பு நான்கு பகுதிகள் வரை பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் விரும்பிய நிறத்தை விளையாடுபவரே அளிக்கலாம். 2014இல் வந்த ‘தி சிம்ஸ் 4’ அவ்வசதியைக் கைவிட்டது. தயாரிப்பாளர் தேர்ந்த சில நிறங்களோடு மட்டுமே பொருள்கள் வந்தன. ஒரு தொகுப்பின் மேசையும் மற்றொன்றின் நாற்காலியும் மரநிறத்தில் பொருந்தாமை விளையாடுவோரின் நெடுநாள் மனக்குறையாயிற்று. அக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களே நிறம் சேர்ப்பவர்கள்.

அவர்கள் முதலில் செய்வது, வடிவத்தைப் போர்த்தியிருக்கும் தட்டையான படத்தை வெளியே எடுப்பது. ‘சிம்ஸ் 4 ஸ்டுடியோ’ என்னும் மென்பொருள் இதற்குத் துணைபுரிகிறது. அப்படத்தில் நாற்காலி நாற்காலியாக இராது. தையல் பிரித்த சட்டையைப் போல இருக்கை ஓரிடத்திலும் கால்கள் ஓரிடத்திலும் சாய்மானம் ஓரிடத்திலுமாக விரிந்து கிடக்கும். எது எதன் எந்தப் பக்கம் என்று படித்தறிந்த பின்னரே கை வைக்க இயலும்.

புதிய நிறத்தை அப்படியே அப்பினால் மரத்தின் ரேகைகளும் மெத்தையின் மடிப்புகளும் மறைந்துவிடும். ஆகவே பழைய நிறத்தை நீக்கிப் படத்தைச் சாம்பலாக்கி, அதன்மீது புதிய நிறத்தைப் பெருக்கல் முறையில் ஏற்றுவது ஒரு வழக்கம். 128 அளவுள்ள சாம்பலையும் 200 அளவுள்ள நிறத்தையும் பெருக்கி 255ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 100. இம்முறையில் படம் மேலும் இருளுமேயன்றி ஒருபோதும் வெளுக்காது. கருங்காலி மேசையைப் பலாமரத்தின் மஞ்சளுக்குக் கொண்டுவர விரும்புபவர் முதலில் சாம்பலின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். அளவு மீறினால் ரேகைகளே கரைந்துபோகும். மரம் மாறுகையில் பித்தளைக் கைப்பிடி மாறாதிருக்க அதைத் தனியே மறைத்துக் காக்கவும் வேண்டும். மூல வடிவமைப்பாளர் எந்த இடுக்கில் நிழல் வைத்தார், எந்த விளிம்பை ஒளிரவிட்டார் என்பதை இத்துணை நெருக்கமாகப் பார்ப்பவர் அரியர். இது ஓர் உரையாசிரியரின் வாசிப்புக்கு நிகரானது.

உரையாசிரியருக்குள்ள கடப்பாடும் இவருக்கு உண்டு. ‘மெஷ்’ என்று வழங்கும் மூல வடிவத்தை நிறமாற்றக் கோப்பில் சேர்க்கக் கூடாது, அது கிடைக்குமிடத்தைச் சுட்ட வேண்டும் என்பது இவ்வட்டத்தில் பரவலாக மதிக்கப்படும் வழக்கம். ஆய்வேட்டில் அடிக்குறிப்பை நீக்கினாலும் வாக்கியம் நின்றுவிடும். இங்கோ மூலத்தைத் தரவிறக்காதவருக்கு நிறமும் தோன்றாது. நன்றியறிதல் தொழில்நுட்பத்திலேயே பதிந்திருக்கிறது.

ஆயினும் இவ்வழக்கத்துக்குள் ஒரு சிக்கல் உண்டு. மூலப் படைப்பாளி ஆர்வம் குன்றியோ வாழ்க்கை மாறியோ தம் தளத்தை மூடிவிட்டால், அவ்வடிவத்தைச் சார்ந்து பிறர் ஆக்கிய நிறங்கள் அனைத்தும் புதியவர்களுக்குப் பயனற்றுப் போகின்றன. மூலத்தைச் சேர்த்துப் பகிர்ந்தால் அவரது விருப்பம் மீறப்படலாம்; பகிராவிட்டால் பலரது உழைப்பு அழியும். அவரைத் தொடர்புகொள்ளவும் வழியிராது. பிறர் திரட்டிய தரவுகளின்மீது ஆய்வை எழுப்புவோரும் இத்தகைய நிலையை எதிர்கொள்ளக்கூடும்.

இதற்கான தீர்வு மூலப் படைப்பாளியின் கையிலேயே, அதுவும் வெளியிடும் நாளிலேயே, இருக்கிறது. தாம் விலகிய பின் இவ்வடிவத்தைப் பிறர் சேர்த்துப் பகிரலாமா, கூடாதா என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். விடை எதுவாயினும், அதை அறிந்த பின்னரே நிறம் சேர்ப்பவர் தம் இரவுகளை அந்நாற்காலிக்குத் தருவதா என்று முடிவு செய்யலாம்.