ஜுரத்துக்கு நாள் கணக்கு வேண்டும்

குழந்தைக்கு ஜுரம் விடாமல் காய்ந்தால், "ரத்தம் டெஸ்ட் பண்ணினால் என்னவென்று தெரிந்துவிடுமே!" என்கிறோம். டெங்கு, மலேரியா என்றால் சரி. ரத்தத்தைப் பார்த்து மட்டும் பெயர் சொல்ல முடியாத ஜுரமும் உண்டு. பேரனுக்கு வந்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

அதற்குக் காவாசாகி நோய் என்று பெயர். டோமிசாகு காவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-ல் முதல் குழந்தையைப் பார்த்து, 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும். ரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியால் புண்பட்டு வீங்கும். சிகிச்சை செய்யாவிட்டால், ஏறக்குறைய 4 குழந்தைகளில் ஒன்றுக்கு இதயத்தின் ரத்தக் குழாய் பாதிக்கப்படும்.

பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. 3-ம் நாள் இரண்டு கண்ணும் சிவந்தன, பீளை இல்லை. 4-ம் நாள் உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம்போல் ஆயிற்று. "அம்மா, தொட்டாலே அழறான். இது வழக்கமான ஜுரம் மாதிரி இல்லே" என்றாள் என் பெண். தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொன்றையும் குறித்தாள். 6-ம் நாள் குழந்தை டாக்டரிடம் போனபோது கண் சிவப்பு மறைந்தே போயிருந்தது!

ரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் ஏகமாக ஏறியிருந்தன. "உடம்பிலே அழற்சி இருக்குன்னு இது சொல்லும், எதனாலேன்னு சொல்லாது. இந்த நோய்க்குன்னு தனி ரத்தப் பரிசோதனை இன்னும் வரலே. நீங்க குறிச்ச தேதியும் சேர்ந்தாத்தான் எனக்குப் பிடிபடுது" என்றார் டாக்டர்.

டெங்குவில் தட்டணுக்கள் குறையும் அல்லவா? இதில் ஏறும். ஆனால் நாலரை லட்சத்தைத் தாண்டுவது பெரும்பாலும் 2-ம் வாரத்தில்தான். அதற்காகக் காத்திருக்க முடியுமா? ஜுரம் தொடங்கி 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால், பாதிப்பு 20-ல் ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது. பேரனுக்கு அன்றே ஏற்றினார்கள். எக்கோவில் இதயக் குழாய் லேசாக விரிந்திருந்தது. 2 மாதத்தில் சரியாயிற்று.

சகோதரிகளே, ஜுரம் 5 நாள் நீடித்தால், கண், உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், கழுத்து எல்லாம் பாருங்கள். கைக்குழந்தையானால் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா அறிகுறியும் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு, தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளைச் சுமார் 11 மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாப் ரிப்போர்ட்டை எடுத்துப் போகும்போது, நீங்கள் தேதி போட்டு எழுதிய காகிதத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.