குளிரின் கடைசிப் பத்து நாட்கள்

நம் ஊரில் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசுவது, பேச வேறு விஷயம் அகப்படாதவர்கள் செய்கிற காரியம். "வெயில் கடுமையாயிருக்கிறது, இல்லையா?" என்று ஒருவர் ஆரம்பித்தால், "ஆமாம், ஒரு மழை பெய்தால் தேவலை" என்று மற்றவர் முடித்து விடுவார். காஷ்மீரத்தில் சமாசாரம் வேறு. அங்கே மார்கழி பிறந்தது முதல் பங்குனி பிறக்கும் வரையில், ஆகாயத்தைப் பற்றிய பேச்சு அரிசி விலையைப் பற்றிய பேச்சுக்குச் சமமான கனமுடையது. படகுக்காரர், பழத் தோட்டக்காரர், ரொட்டிக் கடைக்காரர், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், கைப்பேசியில் மேகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக் கொண்டிருக்கும் கல்லூரி மாணாக்கர் ஆகிய எல்லாரும் அங்கே வானிலை ரஸிகர்கள். எல்லாரிடமும் ஓர் அபிப்பிராயம் தயாராயிருக்கிறது. மாசி மாதத்தில் ஸ்ரீநகரில் சில நாட்கள் தங்கிய நாங்கள், மலையையும் ஏரியையும் பார்த்தது கொஞ்சந்தான். அவற்றைப் பார்த்துக் கொண்டிருந்த மனிதர்களைப் பார்த்ததே அதிகம்.

காஷ்மீரத்துக்குப் போவது இப்பொழுது முன்போல் கஷ்டமில்லை. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரையில் ஒரே ரெயிலில் போகலாம். 2025-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரெயில் ஓடுகிறது. வழியில் சீனாப் நதியை 359 மீட்டர் உயரத்தில் ஒரு பாலத்தின்மேல் கடக்க வேண்டும். பிறகு பீர் பஞ்சால் மலையைக் குடைந்த 11 கிலோ மீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால், வேறோர் உலகம் கண்ணில் படுகிறது. பீர் பஞ்சால் அந்தப் பள்ளத்தாக்கின் தெற்கு மதில். நம் தேசத்தின் பெரும்பகுதிக்கு உயிரளிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, இம்மதிலை ஏறி வருவதற்குள் களைத்துப் போய் விடுகிறது. ஆகையால் காஷ்மீரத்தார் தண்ணீருக்காக மேற்குத் திசையையே நம்பியிருக்கிறார்கள். மத்தியதரைக் கடற் பக்கத்தில் உண்டாகும் மேகக் கூட்டங்கள் ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகக் குளிர்காலத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வந்து இமயத்தில் மோதுகின்றன. அவை இறக்கி வைக்கும் சுமைதான் வெண்பனி.

இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் புல்லின்மேல் அரும்பும் துளிக்கும் பனி என்று பெயர்; உதகமண்டலத்துப் புல்வெளியில் காலையில் வெள்ளையாகப் படிவதற்கும் பனி என்று பெயர்; இமயத்தில் ஆளுயரத்துக்குக் குவிவதற்கும் அதே பெயர். பனியைப் பற்றி நமக்கு அவ்வளவாகக் கவலையில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி. இக்கட்டுரையில் வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதை வெண்பனி என்றும், இரவின் குளிரால் தரையில் உறைவதை உறைபனி என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, பின்னால் பார்க்கப் போகிறபடி, ஒரு நாட்டின் சோற்றுக்கும் பட்டினிக்கும் உள்ள வேற்றுமை.

காஷ்மீரத்தார் கடுங்குளிரை மூன்று சகோதரர்களாகப் பாவிக்கிறார்கள். மூத்தவன் சில்லை கலான். டிசம்பர் 21-ந் தேதி வந்து 40 நாட்கள் தங்குகிறவன். பாரஸீக பாஷையில் 'சில்லா' என்பது நாற்பது நாள் கொண்ட காலத்தைக் குறிக்கும். நாம் ஒரு மண்டலம் என்கிறோமே, அதைப் போல. அடுத்தவன் சில்லை குர்த், அதாவது சின்னவன். அவனுக்கு 20 நாள். கடைக்குட்டி சில்லை பச்சா. அவனுக்கு 10 நாள். மார்ச்சு முதல் தேதியை ஒட்டி அவனும் விடை பெற்றுக் கொள்கிறான். ஆக மொத்தம் 70 நாட்கள். இந்த எழுபது நாளுக்காக வேனிற்காலத்திலேயே கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தக்காளியையும் வற்றல் போட்டு வைத்து விடுகிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் அங்கே போனால், வற்றல் விஷயத்தில் மட்டும் அந்நிய தேசம் என்றே எண்ணமாட்டார்கள். ஆண் பெண் அனைவரும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளி அங்கி அணிகிறார்கள். அங்கிக்குள்ளே 'காங்கிரி' இருக்கிறது: வெளியே பின்னல் கூடை, உள்ளே கரி நெருப்புக் கனியும் மண் சட்டி. நெருப்பைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக் கொண்டு நடக்கும் மனிதர்களை வேறெங்கே காண முடியும்?

நாங்கள் போனபோது நடந்து கொண்டிருந்தது கடைக்குட்டியின் ஆட்சி. பகலில் வெயில் இதமாக அடித்தது. இரவில் வாளித் தண்ணீர் மேலே ஏடு கட்டியது. எங்களுக்கு இடம் கொடுத்த படகு வீட்டின் சொந்தக்காரர் எழுபது பிராயம் கடந்தவர். தினந்தோறும் விடியற்காலையில் படகின் முன்புறம் வந்து நின்று, கையில் காங்கிரியுடன், மேற்கே சற்று நேரம் பார்த்து விட்டு உள்ளே போய் விடுவார். சந்தியா வந்தனம் செய்வதுபோல் நியமம் தவறாத காரியம் அது. உங்கள் அநுபவத்தில் எது நல்ல குளிர்காலம் என்று ஒரு நாள் கேட்டோம். "வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாதபடி பனி விழுந்த குளிர்காலம்" என்றார். பிறகு, நாங்கள் அதன் பொருளை விளங்கிக் கொள்ளவில்லையோ என்று ஐயுற்றவர்போல், "நீங்கள் அரிசி எப்பொழுது நடுகிறீர்கள்? நாங்கள் ஜூன் மாதத்தில் நடுகிறோம். அந்தத் தண்ணீர் ஜனவரியில் விழுந்தாக வேண்டும்" என்றார்.

தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ந் தேதி நெருங்கும்போது மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியில் எத்தனை அடி என்று பத்திரிகையைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் அல்லவா அவர்கள்? காஷ்மீரத்தாருக்கு மலைதான் மேட்டூர். சுவரும் மதகும் இல்லாத அணை அது. சில்லை கலானின் நாற்பது நாளில் விழும் வெண்பனி, மேலே மேலே அமுங்கிக் கெட்டிப்பட்டு, மலையில் சேமிப்பாக நிற்கிறது. சித்திரை, வைகாசி, ஆனி என்று மெல்ல மெல்ல உருகி ஊற்றுக்களுக்கும் ஜீலம் நதிக்கும் வருகிறது. மாசி கழிந்து விழும் பனியோ கூலிக்காரனின் காசைப் போன்றது. வந்த வாரமே செலவாகி விடும். பனி எவ்வளவு விழுந்தது என்பதோடு எப்பொழுது விழுந்தது என்பதையும் அவர்கள் கணக்குப் பார்ப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கை ஸர்க்கார் வானிலை நிலையத்தாரும் பார்க்கிறார்கள். இந்திய வானிலை இலாகா 1875-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் நிலையங்களில் காலை 8-30 மணிக்கும் மாலை 5-30 மணிக்கும் தவறாமல் கருவிகளைப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். விழுந்த பனியின் உயரத்தை அளப்பதோடு, அதை உருக்கினால் எவ்வளவு தண்ணீர் என்றும் அளக்கிறார்கள். பொதுவாகப் பத்து அங்குலப் புதுப் பனி உருகினால் ஓர் அங்குலத் தண்ணீர் நிற்கும். ஸ்ரீநகரில் 1893-ம் வருஷத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 14.4 டிகிரி வரையில் குளிர் இறங்கியதாகக் குறிப்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட குளிர் அடித்தால் பனியும் நிறைய இருக்கும் என்று நம்மைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தார் எண்ணுவது இயற்கை. விஷயம் ஏறக்குறைய நேர்மாறானது. மேகம் பூமிக்குக் கம்பளி. மேகம் மூடிய இரவில் தரையின் சூடு வெளியேறாமல் தங்குகிறது. குளிர் அவ்வளவு கடுமையாக இராது. அன்றுதான் வெண்பனி விழும். மேகமே இல்லாமல் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவில், தரை தன் சூட்டையெல்லாம் ஆகாயத்துக்குக் கொடுத்து விடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. ஆனால் மலைக்கு ஒரு துளி வரவு கிடையாது. உறைபனி உடம்பை வருத்துவதோடு சரி, வயலை நனைக்காது.

2024-25-ம் வருஷத்துக் குளிர்காலம் இதற்குச் சரியான உதாரணம். டிசம்பர் 21-ந் தேதி, சில்லை கலான் பிறந்த அன்றே, ஸ்ரீநகரில் பூஜ்யத்துக்குக் கீழே 8.5 டிகிரி, ஐம்பது வருஷத்தில் டிசம்பர் மாதத்து இரவு இவ்வளவு குளிர்ந்ததில்லை என்றார்கள். அடுத்து வந்த ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டன. பிப்ரவரி 22-ந் தேதி குல்மார்க்கில் தொடங்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், சறுக்குவதற்குப் பனி இல்லாமல் தள்ளிப் போடப்பட்டு, மாதக் கடைசியில் பனி விழுந்த பின் மார்ச்சு மாதத்தில் நடந்தன. விளையாட்டுப் போனால் போகட்டும். அதே பிப்ரவரியில் தெற்குக் காஷ்மீரத்தில் அச்சபல் ஊற்று வற்றி விட்டது. முகலாயர் காலத்து நந்தவனத்தில் கண்ணாடிபோல் பொங்கிப் பெருகும் ஊற்று அது. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீரும் அதுவே. அந்த மாசியில் காஷ்மீரத்தில் வெயில் வெகு ரம்மியமாக அடித்தது என்று யாத்திரிகர்கள் எழுதியிருக்கலாம். ஊர்க்காரர்கள் காலிக் குடங்களுடன் நின்றார்கள்.

பழத் தோட்டக்காரரின் கவலை இன்னொரு விதம். நம் தேசத்தில் விளையும் ஆப்பிளில் பெரும்பகுதி காஷ்மீரத்தினுடையது. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் ஆழ்ந்த நித்திரை வேண்டும். அநேக ஜாதிகளுக்கு 7 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரில் ஏறக்குறைய 1,000 மணி நேரம் தேவைப்படுகிறது. தூக்கம் போதாவிட்டால் மரம் சீராகப் பூப்பதில்லை. பிப்ரவரி மாத வெயில் மரத்தை அகாலத்தில் எழுப்பி விட்டாலோ, அரும்பு கண் விழித்து விடும்; பிறகு பங்குனியில் ஓர் இரவு உறைபனி வந்தால் ஒரு வருஷத்து வருமானம் கருகி விழும். ஆகவே தோட்டக்காரர் மொட்டைக் கிளையைத் தடவிப் பார்த்து, "இன்னும் தூங்குகிறது" என்று திருப்தியோடு சொல்கிறார். மரம் பூக்கவில்லை என்று மகிழ்கிற மனிதரை நாங்கள் முதன்முதலில் அங்கேதான் கண்டோம்.

பனி தாமதித்து வந்தால் அதற்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. 2005-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தின் நடுவில் ஓயாமல் விழுந்த பெரும்பனி, வால்டெங்கு நாட் என்னும் மலைக் கிராமத்தின்மேல் சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. அந்நாட்களில் மேற்கே பார்த்து நிற்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

இவ்வளவு கவலைகளுக்கு நடுவிலும் வஸந்தம் வருகிறது. அதன் அடையாளங்களை முதலில் கண்டு சொல்வதில் ஊரில் ஒரு போட்டியே நடக்கிறது. பனி விலகிய ஈரத் தரையில் நர்கிஸ் மலர் தலை காட்டுகிறது. ஸ்ரீநகருக்குச் சமீபத்திலுள்ள ஹோகர்ஸர் சதுப்பு நிலத்தில், ஸைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிர்காலத்தைக் கழிக்க வந்த வாத்துக்கள் வடக்கு நோக்கிக் கிளம்புகின்றன. கடைசியில் ஹரி பர்வதத்தின் அடிவாரத்தில் பாதாம் மரங்கள், இலை விடுவதற்கு முன்பே, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கின்றன. பிறகு டூலிப் தோட்டம் திறக்கிறது. தேசமெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள்.

காஷ்மீரப் பஞ்சாங்கத்தில் வஸந்தத்துக்கு 'ஸோந்த்' என்று பெயர். மார்ச்சு மாத நடுவில், நமக்குப் பங்குனி முதல் தேதி பிறக்கும் சமயத்தில், அது ஆரம்பமாகிறது. நமக்கோ பங்குனி பின்பனிக் காலம், சித்திரையில்தான் இளவேனில். வெயிலில் காயும் நாம் இன்னும் பனி என்கிறோம்; குளிரில் நடுங்கும் அவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே வஸந்தம் என்கிறார்கள்! ஸோந்த் பிறப்பதற்கு முதல் நாள் இரவு, பண்டிதர் குடும்பங்களில் ஒரு தட்டில் அரிசி, வாதுமைக் கொட்டை, ரொட்டி, தயிர், உப்பு, பேனா, நாணயம், கண்ணாடி, மலர் முதலியவற்றை நிரப்பி வைக்கிறார்கள். விடியற்காலையில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அந்தத் தட்டின் முகத்திலேயே கண் விழிக்க வேண்டும். நாஞ்சில் நாட்டிலும் கொங்கு நாட்டிலும் சித்திரைக் கனி காணும் நேயர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வார்கள். 1990-ம் வருஷத்தை ஒட்டி அக்குடும்பங்களில் பெரும்பாலானவை பள்ளத்தாக்கை விட்டுப் போக நேர்ந்தது. பனியே விழாத ஊர்களில் அவர்கள் வசிக்கிறார்கள். ஆயினும் பங்குனி முதல் தேதி தட்டு நிரம்புகிறது. ருது மாறுவதைக் கண்ணால் பார்க்க இயலாதவர்கள் தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள்.

வஸந்தத்தை வரவேற்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அது தன் முறைக்கு முன்னால் வராதிருக்க வேண்டுமென்று கவலையோடு காவலிருப்பதைக் காஷ்மீரத்தில் பார்த்தோம். வஸந்தத்தை அவர்கள் நம்மைவிட அதிகமாகவே விரும்புகிறார்கள். ஆனால் மலையின் கணக்கைத் தீர்த்து விட்டு அது வரட்டும் என்கிறார்கள். பூமியின் உஷ்ணம் ஏறிக் கொண்டிருக்கும் இக்காலத்தில், இந்தக் காவல் வருஷத்துக்கு வருஷம் கடினமாகி வருகிறது.

பாதாம் பூத்திருக்கும் சமயத்தில் போகிறவர்கள், ஹரி பர்வதத்து அடிவாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பூவைப் படம் எடுத்துக் கொண்டிருப்பார்கள். உள்ளூர்க்காரர்களும் குடும்பத்தோடு வந்து, ஸமோவாரில் தேநீர் கொதிக்க, ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பூவை ஒரு முறை பார்த்து விட்டு, கிளைகளுக்கு மேலே, தூரத்து மலையில் வெண்மை எந்த மட்டம் வரையில் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.