மேலண்டை வயலின் நண்டுகள்

ஐப்பசி 4
நேற்று மேலண்டை வயலில் குருணை மருந்து போட்டிருக்கிறார்கள். காலையில் பார்த்தால் வடிமடையை ஒட்டிய வாய்க்காலில் நண்டுகள் மல்லாந்து கிடக்கின்றன. சிலவற்றுக்குக் கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. குருத்துப்பூச்சிக்கு என்று வாங்கினாலும், வரப்பைத் துளைக்கிற நண்டும் சாகட்டும் என்றுதான் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் அடுத்து எங்கள் வயலுக்கு வருகிறது. பெண்கள் அதில் நின்றுதான் களை பறிக்கிறார்கள்.

போட்டது கார்போபியூரான். நரம்பு ஒரு சேதியைக் கடத்தியதும் அதைத் துடைத்து அடுத்ததற்கு இடம் விட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். மருந்து அதை முடக்கிவிடுகிறது. நண்டுக்கும் தவளைக்கும் நமக்கும் நரம்பில் நடக்கிற வேலை ஒன்றுதான்.

ஐப்பசி 6
செத்த நண்டுகளை மடையான்கள் கொத்துகின்றன. விரட்டினேன், திரும்பத் திரும்ப வருகின்றன.

இறந்த பறவையின் மூளையில் அந்த நொதியின் வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தால், இவ்வகை மருந்துதான் கொன்றது என்று ஆய்வகத்தில் முடிவுகட்டுவார்கள். பறவைகள் செத்ததால்தான் அமெரிக்காவில் 1990களில் இந்தக் குருணையைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். நம் நாட்டில் போரேட் என்ற இன்னொரு குருணை மருந்து 2020 முடிவோடு தடையானது. கார்போபியூரானில் 3 சதவீதக் குருணைக்கு மட்டும் 2023 தடை ஆணையில் விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு எனக்குச் சம்மதமில்லை.

ஐப்பசி 9
மழை. வீட்டில் இருந்து படித்தேன்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே, வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் அ.சுப்பிரமணியனும் ஜப்பானின் சின்சுகே தனபேயும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள். 1980களின் பிற்பாதியில் ஆற்று நீரையும் காற்றையும் சோதித்தார்கள். நெல் பருவத்தில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்தின் அளவு ஏறியது. பிறகு தென்னிந்தியப் பறவைகளின் உடலைச் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். இங்கேயே வாழும் பறவைகளில் பி.எச்.சி.தான் மிகுதி. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1997இல், அந்த மருந்து தடையானது.

ஒரு புட்டித் தண்ணீர் அன்றைய நிலையைச் சொல்லும். பி.எச்.சி. கொழுப்பில் தங்கும் நஞ்சு; பறவை பல மாதம் தின்றதெல்லாம் அதன் கொழுப்பில் சேர்ந்துவிடுகிறது.

ஐப்பசி 10
பெரியப்பாவிடம் தவளை பற்றிக் கேட்டேன். "எங்கடா இப்ப சத்தம்?" என்றார். மருந்து மட்டும் காரணமில்லையாம். அவர் வாலிபத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்து சாக்குச் சாக்காகப் பிடித்துப் போவார்களாம், கால் ஏற்றுமதிக்கு. 1987இல்தான் அது தடையானது. ஆகவே தவளை குறைந்ததை மட்டும் வைத்து மருந்தின் மேல் பழிபோட முடியாது.

வடுவூர் ஏரிக்கு வரும் நத்தைகுத்தி நாரையும் அப்படித்தான். எந்த ஊர் வயலில் தின்றது என்று அதனிடம் கேட்க முடியுமா? வயல் நண்டு ஒரே வரப்பில் வளை போட்டுக் கிடக்கும். அது செத்தால் எந்த மடையில், எந்தக் கிழமை என்று கையை நீட்டிச் சொல்லலாம். டெல்டாவின் பல வருஷக் கணக்குக்குப் பறவை வேண்டும். எங்கள் வாய்க்காலின் இந்த வாரக் கணக்குக்கு நண்டு போதும்.

ஐப்பசி 13
மேலண்டை மாமாவைப் பார்த்தேன். அடுத்த தடவை போடுவதற்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கார்போபியூரான் வயல் தண்ணீரில் வேகமாகச் சிதைந்துவிடும். அன்றைக்கே தண்ணீரும் நண்டும் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்தால்தான் சோதனைக்கு உதவும்.

"போடாதேன்னு சொல்ல வந்திருக்கியோன்னு நெனச்சேன்" என்றார்.

"அதையுந்தான் மாமா."

"நண்டு வரப்ப ஓட்ட போட்டா நீ வந்து அடைப்பியா?"

அடைக்கிறேன் என்றேன். நாளைக் காலை வடக்கு வரப்பிலிருந்து தொடங்குவதாகப் பேச்சு.