ஞாயிற்றுக்கிழமை வராத இழுப்பு

மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் அண்டியாபீசில் முப்பது வருஷம் கணக்கெழுதினேன். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: அண்டியாபீஸ் என்றால் முந்திரிப்பருப்பு ஆலை. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அங்கே வேலைக்குப் போன பெண்களின் கூலியில்தான்.

கொட்டையை டிரம்மில் போட்டு வறுப்பார்கள். தோட்டிலுள்ள எண்ணெய் எரிந்து கரும்புகை கிளம்பும். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கையில் சாம்பல் பூசிக்கொண்டு கொட்டையை உடைப்பார்கள். கைக்குச் சாம்பல் இருந்தது. மூச்சுக்கு ஒன்றும் இல்லை.

வறுக்கிற இடத்துக்கு அடுத்தாற்போல் உடைக்க உட்கார்ந்திருந்த ஓர் அக்காவுக்கு இழுப்பு வந்தது. மழைக்காலம் என்றார்கள், பனி என்றார்கள், அவள் அம்மைக்கும் இருந்தது என்றார்கள். லீவு கேட்டு வந்தபோது என்னிடம் அவளே சொன்னாள்:

"சாரே, ஞாயித்துக்கிழம எனக்கு ஒண்ணுமில்ல. கிறிஸ்மஸ் லீவுல நல்லா ஒறங்குனேன். இங்க வந்தாத்தான் நெஞ்சு அடைக்குது."

நான் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று எழுதினேன். கூலி எடைக்கணக்கு, வராத நாளுக்குக் காசு கிடையாது.

பல வருஷம் கழித்து என் பேரனுக்காக நாகர்கோவிலில் ஒரு நெஞ்சுநோய் டாக்டரிடம் போனேன். பேச்சுவாக்கில் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். "லீவு நாளில் குறைந்து, வேலை நாளில் கூடுகிறதா என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம்" என்றார். பேக்கரி மாவு, மரத்தூள், ஸ்பிரே பெயிண்ட், ரப்பர் கையுறை என்று பலதும் இப்படிச் செய்யுமாம். ஆரம்பத்திலேயே அந்த இடத்தைவிட்டு மாற்றினால் தேற வழியுண்டு. வருஷக்கணக்கில் அதையே சுவாசித்தால் வேலையை விட்ட பிறகும் இழுப்பு விடாது.

நோயாளியிடம் "உன் தொழில் என்ன?" என்று கேளுங்கள் என இத்தாலி வைத்தியர் ரமாசினி 1700இலேயே புத்தகம் எழுதி வைத்திருக்கிறார். வேலையால் வரும் ஆஸ்துமாவைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1980இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நான் அவளுக்கு 'ஆப்சென்ட்' போட்டது அதற்கும் பிறகு. விரல் நசுங்கினால் நஷ்டஈட்டுக்கு எழுதத் தெரிந்த எனக்கு, மூச்சு நசுங்குவதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. அவளை வறுப்புப் புகையிலிருந்து தள்ளி உட்கார வைக்கும்படி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குச் சட்டம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போன மாதம் அவளைப் பார்த்தேன். மகள் வீட்டுத் திண்ணையில் இன்ஹேலரும் கையுமாக இருக்கிறாள். "சாரே, இப்ப ஞாயித்துக்கிழமையும் வருது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற யாருக்காவது இருமலோ இழுப்போ இருந்தால், லீவு நாளில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.