எம்டன்

எங்கள் வீட்டில் சேட்டைக்காரப் பிள்ளையை ‘எம்டன்’ என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது.

தெம்பனிஸ் வீட்டில் அதன் மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் லேசரில் வெட்டிய மரத்துண்டுகள். 118 மீட்டர் கப்பல் 1:200 அளவில் 59 சென்டிமீட்டர். குறுக்குச் சட்டங்களின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்க்காவிட்டால் பலகை ஒட்டாது. அவசரப்பட்டா உடம்பே முறுக்கிக்கும்.

கட்டும்போதுதான் வரலாற்றைத் தேடினேன். பிடிபட்ட எம்டன் மாலுமிகள் சிலரை இங்கே தங்ளின் முகாமில் அடைத்திருந்தார்கள். அவர்களுக்குக் காவல் நின்ற இந்தியப் படைப்பிரிவு 1915 பிப்ரவரி 15 அன்று கலகம் செய்தது. 47 சிப்பாய்களை ஊட்ரம் சிறைக்கு வெளியே, கூட்டம் பார்க்க, சுட்டுக் கொன்றார்கள்.

கப்பல் நம்ம பேச்சுல செல்லப் பேரா தங்கிடுச்சு. சிப்பாய்களுக்கு ஒரு சொல்கூட மிஞ்சல. மாதிரியின் பெயர்ப் பலகையில் ‘எம்டன்’ என்பதற்குக் கீழே 47 என்றும் எழுதப்போகிறேன்.