15 வாட் போதும்

"5 வாட் வால்வு ஆம்ப் வாங்கலாமா, 15 வாட் வாங்கலாமா?" கிடார் வாசிக்கிறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா இந்தக் கேள்வி வராம இருக்காது. நானும் இதே கேள்வியோட ரெண்டு வருஷம் அலைஞ்சவன்தான். முதல் தடவை தப்பா வாங்கி என் காசைத் தொலைச்சேன். ரெண்டாவது தடவை வாங்கினது அடுத்தவங்க காசுல. அதனாலதான் கொஞ்சம் உக்காந்து யோசிச்சேன். அந்தக் கதையைச் சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

நமக்கு ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போற வழி. கோயில் (சர்ச்சை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) பாடகர் குழுவுல நான் கிடார். கீபோர்டு ஒருத்தர், தபேலா ஒருத்தர், ரிதம் பேடு ஒரு பையன், பாடுறதுக்கு ஒரு பதினஞ்சு பேர். என்கிட்ட மூணு பெடல் இருக்கு: ஓவர்டிரைவ், கோரஸ், டிலே. ரொம்ப நாளா கிடாரை நேரா மிக்சர்ல சொருகித்தான் வாசிச்சேன். கோரஸ், டிலே பரவாயில்லை. ஓவர்டிரைவை மிதிச்சா தகர டப்பாவுக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. கிடார் ஆம்ப்ல இருக்கிற ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்தைச் சடார்னு குறைச்சிடும். டிஸ்டார்ஷன்ல வர்ற கரகரப்பு அதுலயே வடிகட்டிப் போயிடும். மைக் செட் பாக்ஸ் அப்படி இல்லை, கசடு எல்லாத்தையும் அப்படியே துப்பும். ஆக பெடல் மேல தப்பில்லை, பெடலுக்குப் பின்னாடி ஒரு நல்ல ஆம்ப் இல்லைங்கிறதுதான் தப்பு.

சரின்னு கையில இருந்த காசைப் போட்டு செகண்ட் ஹேண்டுல ஒரு 5 வாட் வால்வு ஆம்ப் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், அவங்க மேல குத்தம் இல்லை. எரிக் கிளாப்டன் 1970-ல 'லைலா' ஆல்பத்துக்கு ஃபெண்டர் சாம்ப்ங்கிற சின்னஞ்சிறு ஆம்ப்பைத்தான் வச்சு வாசிச்சார்னு எங்கேயோ படிச்சிருந்தேன். அவருக்கே 5 வாட் போதும்னா நமக்கு என்ன! வீட்டு மாடியில வச்சு வாசிச்சப்ப சொர்க்கம். அம்மாகூட "இப்பதான் கேக்குற மாதிரி இருக்கு"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை கோயில்ல வச்சேன். தபேலாவும் ரிதம் பேடும் ஆரம்பிச்சதும் என் கிடார் காணாம போச்சு. வால்யூமைக் கூட்டினேன், ஆம்ப் தானாவே கரகரன்னு உடைய ஆரம்பிச்சுது. அதுக்கு மேல ஓவர்டிரைவையும் மிதிச்சேன். சத்தம் கூடவே இல்லை, கஞ்சி மாதிரி குழைஞ்சு போச்சு. டிலேயைப் போட்டேன், அந்தக் கஞ்சியே நாலு தடவை திரும்ப வந்துச்சு. பூசை முடிஞ்சதும் ஒரு பாட்டி வந்து "தம்பி, அந்தப் பெட்டி ரிப்பேரா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல என்ன விமர்சனம் வேணும் :-)

கிளாப்டன் வாசிச்சது ஸ்டூடியோவுல. ஆம்ப் முன்னாடி மைக் வச்சாச்சு, பக்கத்துல தபேலா கிடையாது, ஆம்ப் உடையணும்கிறதுதான் அங்க நோக்கமே. எனக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். பெடல் வேலை செய்யணும்னா ஆம்ப் சும்மா இருக்கணும். வெள்ளைத் துணியிலதான் சாயம் நிக்கும், ஏற்கெனவே சாயம் போட்ட துணியில என்ன கலர் போட்டாலும் அழுக்காத்தான் தெரியும். உடையாம தெளிவா எவ்வளவு தூரம் போகுதோ அதைத்தான் ஹெட்ரூம்னு சொல்றாங்க. பெடல்காரனுக்கு வாட்டைவிட அதுதான் முக்கியம்.

வாட் கணக்கையும் இந்த இடத்துல சொல்லிடறேன். பவர் ரெண்டு மடங்கானா சத்தம் கூடறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமாரா பத்து மடங்கு பவர் வேணும். அப்படிப் பார்த்தா 5 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 5 டெசிபல், அவ்வளவுதான். இதுக்கா இம்புட்டு காசு? இல்லை. ஸ்பீக்கரும் சேர்ந்து மாறுது. 5 வாட் பெட்டியில பெரும்பாலும் 8 அங்குல ஸ்பீக்கர். 15 வாட்டுல 12 அங்குலம் இருக்கும். ஒரு வாட் கொடுத்தா எவ்வளவு சத்தம் போடும்ங்கிற கணக்குல ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் 5, 6 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். ரெண்டையும் கூட்டினா 10 டெசிபல் ஆச்சு. அதாவது தெளிவு கெடாம ரெண்டு மடங்கு சத்தம். எனக்கு அது போதும்.

இதைப் படிச்சதும் முதல்ல செலவில்லாத வழியைப் பார்த்தேன். நண்பன் ஒருத்தன்கிட்ட 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி இருந்துச்சு, ஓம்ஸ் கணக்கு பொருந்துதான்னு பார்த்து என் 5 வாட்டை அதுல மாட்டினேன். நல்லாவே தேறுச்சு, ஆனா கோயிலுக்குப் பத்தலை. உங்களுக்குப் பத்தலாம், அதனால புதுசா வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. ஒரே ஒரு விஷயம்: ஸ்பீக்கரைக் கழட்டிட்டு வால்வு ஆம்ப்பை ஓட விட்டுடாதீங்க. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

இதுக்குள்ள குழுவுல பேச்சு வந்துச்சு. கிறிஸ்துமஸ் கேரல் போய் சேர்த்த மூணு வருஷத்துப் பணம் இருக்கு, அதுல கிடாருக்கு ஒரு ஆம்ப் வாங்கலாம்னு பெரியவர் ஒருத்தர் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் ஜாஸ்தியா வந்துச்சு. குழுவுல பாதிப் பேர் வீட்டுல போட்டுக்குப் போறவங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டுல வரும்படி கிடையாது. மத்த மாசத்துலயும் போன போட்டு திரும்பி வருமா, அங்கிட்டே பிடிச்சு வச்சுப்பாங்களாங்கிற கவலை. அந்த வீடுகள்ல கேரலுக்குப் போட்ட அம்பதும் நூறும்தான் இந்தப் பணம். இதுல நான் இன்னொரு தடவை "பெட்டி ரிப்பேரா"ன்னு கேக்க வைக்க முடியுமா?

பட்டியல் போட்டேன். வாக்ஸ் ஏசி10, ஏசி15. சின்ன வால்வு ஆம்ப்னதும் எல்லாரும் சொல்ற பேர். ஏசி15 1950களின் கடைசியில வந்தது. மணி அடிச்ச மாதிரி கணீர்னு ஒரு சத்தம், அதுக்கே மனசு போயிடும். ஆனா அதோட அழகே கொஞ்சம் சீக்கிரம் உடையறதுதான். அடுத்து மார்ஷல் ஒரிஜின் 20. 2018-ல வந்தது. பவரைக் குறைச்சு வாசிக்கலாம், எஃபெக்ட்ஸ் லூப் இருக்கு. அப்புறம் ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். 1995-லேருந்து இருக்கு, 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவர்ப். லூப் கிடையாது.

லூப் வேணுமா வேண்டாமாங்கிறதுல ஒரு வாரம் குழம்பினேன். ஆம்ப்போட சொந்த டிஸ்டார்ஷனை வச்சு வாசிக்கிறவங்களுக்கு லூப் கட்டாயம் வேணும். டிலே முன்னாடி இருந்தா எதிரொலி எல்லாம் டிஸ்டார்ஷன்ல போய்க் குழையும், அதனால நடுவுல சொருகணும். நானோ டிஸ்டார்ஷனையும் பெடல்லதான் எடுக்கப் போறேன், ஆம்ப் கடைசிவரைக்கும் சுத்தமாவே இருக்கப் போகுது. அப்ப எல்லாப் பெடலையும் வரிசையா முன்னாடி போட்டாலே போதும். லூப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இனிமே பாய் வர்றார்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ரேடியோ கடை வச்சிருந்தவர். இப்ப கடை மகன் கையில, செல்போன் சர்வீஸ் ஆயிடுச்சு. பாய் ஒரு ஓரமா மேசை போட்டு உக்காந்திருப்பார். ஒருகாலத்துல இந்தக் கரையில ரேடியோன்னா கொழும்புதான். 1967-ல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்னு பேர் மாத்தின பிறகும் எங்காளுங்களுக்கு அது சிலோன் ரேடியோதான். அந்தக் காலத்து வால்வு ரேடியோ எத்தனையோ பாய் கைபட்டு ஓடியிருக்கு. நான் பட்டியலை நீட்டினேன். கம்பெனி பேர் எதையும் அவர் கண்டுக்கலை.

"உள்ள என்ன வால்வு தம்பி?"

"இதுலயும் இதுலயும் ஈஎல்84 ரெண்டு, ஈசிசி83 மூணு பாய்."

"ஈஎல்84-ஆ? அது நம்ம ரேடியோவுல வந்ததுதானே! பிலிப்ஸ்ல எத்தனை மாத்தியிருக்கேன்."

உண்மைதான். வாக்ஸ்லயும் புளூஸ் ஜூனியர்லயும் உக்காந்திருக்கிற அதே வால்வு, ஒருகாலத்துல நம்ம வீட்டு ரேடியோவுல இருந்ததுதான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்லயே வால்வு பண்ணினாங்க. இப்ப பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலேர்ந்து வருது. 2022-ல போர் ஆரம்பிச்சப்ப ரஷ்ய வால்வு வரத்து தடைப்பட்டு விலை ஏறுச்சு. அதனால அபூர்வமான வால்வு போட்ட ஆம்ப் நமக்கு ஆகாது. எல்லாரும் போடற வால்வா இருந்தாத்தான் எப்பவும் எங்கயாவது கிடைக்கும்.

பாய் சொன்ன இன்னொரு விஷயம்: "வாங்குறது பெருசில்ல தம்பி, நம்ம காத்துல அது நிக்கணும்." பாம்பன்ல 1914-ல திறந்த ரயில் பாலத்தையே உப்புக்காத்து அரிச்சு, 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்த பிறகுதான் திரும்பவும் தீவுக்கு ரயில். இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதின்னா வால்வு சாக்கெட் எம்மாத்திரம்? சாக்கெட்ல களிம்பு பிடிச்சா கொரகொரன்னு சத்தம் வரும், அப்புறம் ஒருநாள் அப்படியே நின்னுடும். அடுத்தது கரண்ட். நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவுக்குன்னு பண்ணின 120 வோல்ட் ஆம்ப் மலிவா கிடைக்குதுன்னு வாங்கினா கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் காலம் பூரா தூக்கிட்டு அலையணும். நான் பார்த்ததுல ஒண்ணு அப்படித்தான், ஆசையோட விட்டுட்டேன்.

கடைசியில ஏசி15-க்கும் புளூஸ் ஜூனியருக்கும்தான் போட்டி. மனசு வாக்ஸ் பக்கம், அதை மறைக்க விரும்பலை. ஆனா பாடகர் குழுவுக்கு வேண்டியது என் மனசு இல்லையே. 230 வோல்ட் புளூஸ் ஜூனியர் ஒண்ணு மதுரையில செகண்ட் ஹேண்டுல கிடைச்சுது. பெடலை எடுத்துட்டுப் போய் அங்கேயே ஒரு மணி நேரம் வாசிச்சேன். வெறும் ஆம்ப்பை மட்டும் வாசிச்சுட்டு முடிவு பண்ணாதீங்க. உங்க கிடார், உங்க பெடல், நீங்க வாசிக்கிற சத்தம், இந்த மூணோடயும்தான் கேக்கணும். நான் மாஸ்டரை நல்லா கூட்டி, வால்யூமைக் கம்மியா வச்சேன். அப்படி வச்சா முன்பக்க வால்வு உடையாம சுத்தமா இருக்கும். அதுக்கு மேல ஓவர்டிரைவை மிதிச்சேன்... வண்டும் இல்லை, கஞ்சியும் இல்லை.

ஊருக்கு வந்ததும் பாய்கிட்ட காட்டினேன். பின்பக்கத்தைத் திறந்து பார்த்துட்டு, "எல்லாத்தையும் போர்டுல வச்சு ஒட்டிட்டானே, ஒயரை எங்கேன்னு தேடுறது"ன்னு முணுமுணுத்தார். அப்புறம் சாக்கெட்டைத் துடைச்சார். முதல் ஈசிசி83-ஐ எடுத்துட்டு 5751 போடச் சொன்னார். அதுக்குப் பெருக்கம் 100, இதுக்கு 70. இன்னும் கொஞ்சம் ஹெட்ரூம் கிடைச்சுது. கூடவே ஒரு எச்சரிக்கை: "பிளக்கைப் பிடுங்கிட்டாலும் உள்ள கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டு நிக்கும். நீ கை வச்சிராத, என்கிட்ட கொண்டா." நீங்களும் கை வச்சிராதீங்க. தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க.

திருவிழா கொடியேத்தம் அன்னைக்குத்தான் முதல் கச்சேரி. ஆம்ப்பை நாற்காலி மேல சாய்ச்சு, முன்னாடி ஒரு மைக் வச்சு மிக்சருக்குக் கொடுத்தோம். ஊருக்கெல்லாம் கேக்க வைக்கிறது மைக் செட்டோட வேலை, மேடையில எங்களுக்குக் கேக்க வைக்கிறது மட்டும்தான் ஆம்ப் வேலை. அதுக்கு 15 வாட் தாராளம், இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் அதிகம். கேட்டுப் பக்கம் டிவிஎஸ் 50-ஐ நிறுத்திட்டு பாய் நிக்கிறது தெரிஞ்சுது. ராமநாதபுரத்துலேருந்து பாலம் தாண்டி இந்த வயசுல வந்திருக்கார். முடிஞ்சதும் ஓடிப் போய் "எப்படி இருந்துச்சு பாய்?"ன்னேன். பாட்டைப் பத்தியோ நான் வாசிச்சதைப் பத்தியோ ஒரு வார்த்தை கிடையாது.

"ஹம் இல்லை"ன்னார். அவ்வளவுதான். எனக்கு அது பெரிய பாராட்டு.

கிளம்பும்போது சொன்னதைத்தான் இப்பவரைக்கும் செய்யறேன். துணி போட்டு மூடி வைக்கணும். வாசிக்கிறதோ இல்லையோ, வாரத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் ஆன் பண்ணி விடணும், சூட்டுல ஈரம் போகும். "நான் இல்லாட்டியும் மறந்துராத"ன்னார். அதைச் சொன்னப்ப சிரிச்சார், எனக்குத்தான் சிரிப்பு வரலை. இப்ப ரெண்டு சனிக்கிழமைக்கு ஒருதடவை அவர் மேசைக்கு எதிர்ல போய் உக்காந்துக்கிறேன். கெப்பாசிட்டரை எப்படிப் பத்திரமா இறக்குறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டார். அடுத்தது சால்டரிங்.