நிலவறையில் கேட்ட கிளாரினெட்

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு மாலைவேளை நாதசுர ஓசை புதிதன்று. ஒரே இராகத்தைக் கலைஞர் தம் கற்பனைக்கேற்ப விரித்துச் செல்வதை நாமும் பலமுறை நின்று கேட்டதுண்டு. ஆயினும், நமது பங்கைச் சேர்ந்த பேண்டு வாத்திய இளைஞன் ஒருவன் திருநாளன்று மாதா பாடலைக் கிளாரினெட்டில் தன் மனம்போல் விரித்து வாசித்தபோது, "கோயிலுக்குள் கூத்து வேண்டாம்" என்று கடிந்துகொண்டோம். அவன் கருவியை உறையிலிட்டான்; பின்னர்ப் பாடற்குழுவின் பக்கம் வரவேயில்லை.

சில ஆண்டுகள் சென்றபின் பாரிஸ் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. தமிழகத்துக்குக் குருக்களை அனுப்பிய பாரிஸ் வேதபோதக சபையின் தலைமை இல்லத்தைக் காண்பதே நோக்கம். ஓரிரவு, குருவான நண்பர் ஒருவர் ஜாஸ் இசை நிகழும் நிலவறை விடுதிக்கு நம்மை அழைத்துச் சென்றார். குருமடத்தில் வளர்ந்த நமக்குத் தயக்கமே. காப்பிக் கோப்பையுடன் மூலையில் அமர்ந்தோம்.

ஐவர் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தனர். பின்பு ஒருவர் அதனைத் தம் போக்கில் விரிக்க, மற்றவர் தாளம் தாங்கினர். நம் கச்சேரிகளின் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் நினைவில் எழுந்தன. கிளாரினெட் ஒலித்தபோதோ, அவ்விளைஞனின் முகமே கண்முன் நின்றது.

அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்த இசை இது. நண்பர் ஒரு வரலாறும் கூறினார். மேரி லூ வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர், 1954இல் இதே பாரிஸில் வாசிப்பின் நடுவே மேடையைவிட்டு எழுந்து சென்றார். பின்னர் செபத்தில் ஆழ்ந்து, 1957இல் கத்தோலிக்கரானார். இசையைத் துறந்திருந்த அவரை மீண்டும் வாசிக்கத் தூண்டியவர்களுள் குருக்களும் இருந்தனர். ஜாஸ் நடையில் அவர் அமைத்த திருப்பலி இசை, 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது.

அக்குருக்கள் ஒரு கலைஞரை இசைக்குத் திருப்பினர். நாமோ ஒருவனை இசையினின்று விரட்டினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் அவன் இல்லம் சென்று, தவறு நமதே என்று கூறினோம். "வாசித்துப் பல வருடமாயிற்று, சாமி" என்றான். அவன் தாயோ ஒன்றும் பேசாது, பரண்மேலிருந்த உறையை இறக்கித் தூசி தட்டி அவன் மடியில் வைத்தாள்.

அன்பரே, நம் இல்லத்துப் பிள்ளைகள் நாம் அறியாத இராகம் ஒன்றைத் தொடங்கும்போது, கடிந்துரைக்குமுன் சற்றே அமர்ந்து கேட்போமாக.